முழங்கால் ஜவ்வு கிழிஞ்சா ஆபரேஷன்தான் வழியா? பழையபடி நடக்க எத்தனை நாள் ஆகும்?

கபடியில் ரைடு போய்த் திரும்பும்போது பாதம் தரையில் ஊன்றியே நிற்க, முழங்கால் மட்டும் திருகிக்கொள்கிறது. அன்றைக்கு எப்படியோ நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மறுநாள் காலையில் மூட்டு வீங்கியிருக்கும், குத்தவைத்து உட்கார முடியாது. வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகளில் நின்றபடியே ஷிப்ட் பார்க்கும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு, அடிபடாமலே, உட்கார்ந்து எழும்போதுகூட இது வரலாம். இரண்டுக்கும் ஊரில் ஒரே பெயர்தான்: “ஜவ்வு கிழிஞ்சிருச்சு.”

குழப்பமே அந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்குது.

எந்த ஜவ்வு?

எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் லிகமென்ட்டையும் ஜவ்வு என்கிறோம். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பையும் ஜவ்வு என்றே சொல்கிறோம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

மெனிஸ்கஸ் ஒவ்வொரு முழங்காலிலும் பிறை வடிவில் இரண்டு உண்டு. அது கிழிந்தால் வீக்கம் பெரும்பாலும் மெதுவாக, ஒரு நாளுக்குள் ஏறும். முன்பக்க லிகமென்ட் அறுந்தால் சில மணி நேரத்திலேயே மூட்டு வீங்கிவிடும். எக்ஸ்ரேயில் மெனிஸ்கஸ் தெரியாது, எம்ஆர்ஐ ஸ்கேனில்தான் தெரியும். ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் “எது கிழிஞ்சிருக்கு, எந்த இடத்துல?” என்று கேளுங்கள். மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்கு ரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்தால் ஆற வாய்ப்பிருக்கிறது. உள் ஓரத்துக்கு ரத்தம் போவதில்லை.

வெட்டுறதா, தைக்கிறதா?

டென்னிஸ் வீரர் ஜோகோவிச்சுக்கு 2024 ஜூன் 3-ல் பிரெஞ்சு ஓபனில் வலது முழங்கால் மெனிஸ்கஸ் கிழிந்தது. ஜூன் 5-ல் ஆபரேஷன், ஜூலை 14-ல் விம்பிள்டன் இறுதிப்போட்டி, ஆகஸ்ட் 4-ல் ஒலிம்பிக் தங்கம். இதைப் பார்த்து நாள் எண்ணக் கூடாது. கூடவே பிசியோதெரபிஸ்ட் இருக்கும் ஆளோடு நம்ம காலை ஒப்பிட முடியாது.

சிறு துளை வழியே கிழிந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்தால், பொதுவாக 4 முதல் 6 வாரத்தில் அன்றாட வேலைக்குத் திரும்பலாம். ஆனால் மெத்தை குறைந்ததால் பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடும். தைத்தால் மெத்தை மிஞ்சும். ஆனால் சில வாரம் ஊன்றுகோல், பல மாதம் குத்தவைக்கத் தடை, விளையாட்டுக்கு 4 முதல் 6 மாதம். இந்தியன் டாய்லெட் மட்டுமே உள்ள வீடு என்றால் ஆபரேஷனுக்கு முன்பே மாற்று ஏற்பாடு செய்யணும்.

ஆபரேஷன் இல்லாமலே சரியாகுமா?

நடுத்தர வயதில் தேய்ந்து கிழிந்தது என்றால் பலருக்கு ஆகும். பின்லாந்தில் இப்படிப்பட்ட 146 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நிஜமாக வெட்டி எடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆபரேஷன் செய்வதுபோல் மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. 2013-ல் வெளியான முடிவு இது. இவர்களுக்கு முதல் மருந்து தொடைத் தசைக்கான பிசியோதெரபிதான். எண்ணெய் போட்டு உருவி வாரக்கணக்கில் கட்டுக் கட்டினால் அந்தத் தசைதான் முதலில் மெலியும். ஆனால் முழங்கால் ‘லாக்’ ஆகி நீட்டவே முடியவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

வேடசந்தூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், இந்த சிகிச்சை அதில் சேருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டில் இருந்தபடி பிசியோதெரபி தேவை என்றால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடம் சொல்லலாம்.

ஆபரேஷன் முடிஞ்சதும் எதைக் கவனிக்கணும்?

2022 நவம்பரில் சென்னை கால்பந்து வீராங்கனை பிரியாவுக்கு முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் நடந்தது. காலில் போட்ட இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்ததாக அப்போது சொல்லப்பட்டது. காலை எடுத்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. நவம்பர் 15-ல் இறந்தபோது அவருக்கு வயது 17. இது மிக அரிது. ஆனாலும் வலி மாத்திரைக்கு அடங்காமல் ஏறுவது, கால் விரல் மரத்துப்போவது, நீலமாவது, சில்லிடுவது, கெண்டைக்கால் வீங்குவது, மூச்சு வாங்குவது, காய்ச்சல் என எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.