பண்டைய கிரேக்க ஒலிப்பும் 1542ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் ஆணையும்

பண்டைய கிரேக்கத்தில் 'நாம்', 'நீங்கள்' எனப் பொருள்படும் இரு பெயர்களுள் முன்னது ஈட்டா என்னும் எழுத்திலும் பின்னது உப்சிலான் என்னும் எழுத்திலும் தொடங்குகின்றன. பைசாந்திய மரபில் இரண்டும் 'இமீஸ்' என்றே ஒலிக்கும். பேச்சுமொழி பின்னாளில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு வடிவங்களை ஆக்கிக்கொண்டது. பண்டைய நூலைக் கற்கும் தொடக்கநிலை மாணவருக்கோ அந்த வாய்ப்பில்லை. செவிவழிக் கேட்டதைக் கொண்டு எழுத்தை அறிய இயலாது.

1397இல் கிறிசொலோராஸ் பிளாரன்சில் கற்பிக்கத் தொடங்கியது முதல் மேலை ஐரோப்பா பைசாந்திய ஒலிப்பையே பயின்றது. 1528இல் எராஸ்மஸ் வெளியிட்ட உரையாடல் நூல், ஒவ்வோர் எழுத்துக்கும் தனியொலி இருந்ததென நிறுவ முயன்றது. கேம்பிரிட்ஜில் ஜான் சீக்கும் தாமஸ் ஸ்மித்தும் அதனை வகுப்பறைக்குக் கொணர்ந்தனர். பல்கலைக்கழக வேந்தரும் வின்செஸ்டர் ஆயருமான ஸ்டீபன் கார்டினர் 1542இல் புதிய ஒலிப்பைத் தடைசெய்தார். மீறிய பட்டதாரிகள் பேரவையினின்று நீக்கப்படுவர்; இளம் மாணவர் பிரம்படி பெறுவர். ஓர் உயிரொலிக்காக இத்துணைக் கடுமையா என்று தோன்றலாம். ஆயினும் கார்டினரின் வாதம் வெறும் அதிகாரச் செருக்கன்று. ஒலி வழக்கால் நிலைபெறுவது. தனியொருவர் தம் ஆய்வைக் கொண்டு அதனை மாற்றின் ஒழுங்கு குலையும் என்றே அவர் கருதினார். சீக் அவருக்கு எழுதிய மடல்கள் 1555இல் பாசெலில் அச்சாயின. சான்றின் வலிமை சீக்கின் பக்கமே இருந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு நாடகக் கவிஞர் கிராத்தினஸ் ஆட்டின் கத்தலை பீட்டா, ஈட்டா என்னும் எழுத்துகளால் குறிக்கிறார். பைசாந்திய முறையில் அந்த ஆடு 'வீ வீ' எனக் கத்தவேண்டும்!

எனினும் 'எராஸ்மிய ஒலிப்பு' என இன்று பயிற்றப்படுவதும் பண்டைய ஒலிப்பு அன்று. பி, தீட்டா, கி ஆகிய மூன்றும் செவ்வியல் காலத்தில் மூச்சொலியுடன் கூடிய வெடிப்பொலிகள். பெரும்பாலான வகுப்புகளில் அவை உரசொலிகளாகவே ஒலிக்கின்றன. சிட்னி ஆலனின் 'வாக்ஸ் கிரேக்கா' (1968) இவ்வேறுபாட்டை விரிவாக விளக்குகிறது. கிரேக்க நாட்டுப் பள்ளிகளிலோ ஹோமரும் இன்றைய ஒலிப்பிலேயே படிக்கப்படுகிறார்.

தமிழாய்வுக்கும் இதில் தொடர்புண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான தாலமி குறிப்பிடும் காவிரித் துறைமுகப் பெயரைக் 'கபேரிஸ்' எனப் பெயர்த்தெழுதுவது எராஸ்மிய வாசிப்பாகும். பைசாந்திய முறையில் அது 'கவிரிஸ்' என்பதை ஒத்து ஒலிக்கும். தாலமியின் காலத்து ஒலிப்போ இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாற்றநிலையில் இருந்தது. எனவே 'ஏ' என்னும் உயிரைக் கொண்டு 'காவேரி' என்னும் வடிவின் பழமையை நிறுவ முனைவோர், முதலில் தாம் எந்த ஒலிப்பு முறையில் அப்பெயரைப் படிக்கின்றனர் என்பதைக் குறிப்பிடுதல் வேண்டும்.