பதிவேட்டில் ஒரு பெயர்: ஏதிலிப் பெண்டிரும் ஆவணங்களும்

அண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் அடி அண்ணாமலை என்னும் ஊர் உள்ளது. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளிய இடம் இதுவே என்பர். யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களில் மார்கழிதோறும் ஓதப்படும் பாடல் அது. அதே அடி அண்ணாமலையில் இன்று இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உண்டு. நிலவு நாள்களில் இலட்சக்கணக்கானோர் நடக்கும் அப்பாதையில், முகாமைத் திரும்பிப் பார்ப்போர் சிலரே.

புதிய நாட்டில் ஏதிலிப் பெண்டிர் ஆற்றல் பெறுவது எங்ஙனம் என்னும் வினாவிற்குத் தையற்பயிற்சி, சிறுகடன், கணினிக் கல்வி என்று விடை கூறுவது வழக்கம். இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் வரலாற்றை நோக்குங்கால், இவற்றிற்கு முற்பட்ட வினா ஒன்று எழுகின்றது. அப்பெண் எந்தப் பதிவேட்டில், யாருடைய பெயரின்கீழ் எழுதப்பட்டிருக்கிறாள்?

சூடான் நாட்டுச் செய்தி ஒன்று இதனை விளக்கும். 1987ஆம் ஆண்டு முதல் தென்சூடானின் உள்நாட்டுப் போருக்குத் தப்பிய சிறுவர் ஆயிரக்கணக்கில் எத்தியோப்பியாவிற்கு நடந்தனர்; அங்கிருந்தும் 1991இல் துரத்தப்பட்டு, 1992இல் கென்யாவின் ககுமா முகாமை அடைந்தனர். சிறுமியரும் அவர்களோடு நடந்தவர்களே. சிறுவர் தனிக்குழுக்களாக வைக்கப்பட்டமையால் ‘ஆதரவற்றோர்’ எனப் பதிவாயினர். சிறுமியரோ வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டு, அக்குடும்பத்தின் எண்ணிக்கையில் மறைந்தனர். வீட்டு வேலைக்கும், பிற்காலத்தில் பரிசமாக வரும் மாடுகளுக்கும் அவர்கள் பயன்பட்டனர். 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நாடு இவ்விளைஞருள் ஏறத்தாழ 4,000 பேரைக் குடியேற்றியபொழுது, அவர்களுள் பெண்கள் 89 பேரே. யாரும் அவர்களை வேண்டுமென்றே விலக்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை. பட்டியலில் அவர்கள் இல்லை, அவ்வளவே. 2023 ஏப்ரலில் தொடங்கிய போரினால் சூடானின் பெண்கள் மீண்டும் சாடு, எகிப்து நாடுகளின் எல்லைகளில் பெயர் பதியக் காத்து நின்றனர்.

நம் மக்களின் வரலாறும் இதற்கு வெகு தூரமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களுள், பிற்காலத்தில் திருவண்ணாமலையை உள்ளடக்கிய வட ஆர்க்காடும் ஒன்று. கங்காணி திரட்டிய குடும்பங்கள் பின்னாளில் மண்டபம் தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டுக் கடல் கடந்தன. கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயர் தோட்டத்தின் செக்ரோலில் இருந்தது உண்மை. ஆனால் அவள் கூலியைத் தந்தையோ கணவனோ வாங்கிச்செல்வது பெருவழக்காயிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே நாட்கூலி சமமாக்கப்பட்டது 1984இல்தான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவிற்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. தலைகளை எண்ணிய அவ்வுடன்பாட்டில் எந்தப் பெண்ணிடமும் எவரும் விருப்பம் கேட்டிலர்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் வந்தோரும் அதே மண்டபத்தில்தான் பதிவு செய்யப்பெற்றனர். பாட்டி கடல் கடக்கக் காத்திருந்த ஊரிலேயே பேர்த்தி அகதி அட்டை பெற்றாள் என்பது மலையகக் குடும்பங்கள் சிலவற்றிற்கேனும் பொருந்தும். 1983 முதல் 1987 முடிய வந்தோர் 1,34,053 பேர் என்பது அரசுக் கணக்கு. அடுத்தடுத்த அலைகளையும் கூட்டினால் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். பலர் திரும்பினர். 2021இல் தமிழக முகாம்களில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 58,000 பேர்.

முகாமின் அலகு குடும்பம். அதன் அடையாளம் குடும்பத் தலைவரின் பெயர். 2021 ஆகஸ்டில் பணக்கொடை உயர்த்தப்பட்டபொழுதும் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், ஏனைய பெரியவர்க்கு 1,000, சிறார்க்கு 500 என்றே வகுக்கப்பட்டது. கணவனைப் போரில் இழந்தவள் ‘தலைவி’ ஆனாள். அத்தலைமைக்கு அவள் கொடுத்த விலை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

1991 மே மாதம் இராஜீவ் காந்தி கொலையுண்டபின் முகாம்களின்மேல் கண்காணிப்பு இறுகிற்று. அகதி மாணவர்க்குக் கல்லூரிக் கதவுகள் சில ஆண்டுகள் அடைபட்டன. தொண்டு நிறுவனங்களும் முகாம்களுக்குள் நுழைய இயலாமற்போயிற்று. படிப்பு நின்ற பெண்ணுக்கு அடுத்து நேர்ந்தது பெரும்பாலும் திருமணமே.

இவ்விடத்தில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைக் குறிப்பிடல் தகும். தந்தை செல்வா எனப்பெற்ற செல்வநாயகத்தின் புதல்வர் சந்திரகாசன் 1984இல் இதனை நிறுவினார். ஏதிலியரே ஏதிலியர்க்குப் பணிசெய்வது அதன் நெறி. அது முகாம்களில் வளர்த்த பணிகளுள் மகளிர் சேமிப்புக் குழுவை நாம் தலையாயதாகக் கருதுகிறோம். தமிழகத்தில் மகளிர் குழு இயக்கம் 1989இல் அண்டை மாவட்டமாகிய தர்மபுரியில் தொடங்கியது. முகாம் பெண்ணுக்கோ ஈடுகாட்ட நிலமில்லை, குடியுரிமைத் தாளுமில்லை. அண்டை ஊர்ப் பெண் வங்கியை நோக்கிச் சென்றபொழுது இவள் தன் குழுவின் பெட்டியையே நோக்க வேண்டியிருந்தது. ஆயினும் அக்குழுவின் கணக்கேட்டில் அவள் தன் பெயருக்கு நேரே தானே கையொப்பமிட்டாள். கணவன் பெயரின்கீழ் அன்று. தொகை சிறிது, கையொப்பம் பெரிது. குழுக்களுக்கான முதலீட்டு நிதி 2021ஆம் ஆண்டின் அரசுத் திட்டத்திலும் இடம்பெற்றது.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தோர், சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி மேலும் இறுகிற்று. எனவே ஒரே தாய்க்கு ஒரே முகாமில் 1986இல் பிறந்த மகள் குடிமகள், 1988இல் பிறந்த மகள் அயலாள் என்றாகிறது. 1986இல் மண்டபத்தில் பிறந்த பெண்ணொருவர் இதனை எடுத்துக்காட்டி வழக்காட, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரை உட்படுத்தவில்லை. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழர்க்கு, பயண ஆவணம் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025இல் விலக்களிக்கப்பட்டது. தண்டனை நீங்கிற்று; குடியுரிமை வரவில்லை.

எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்துக் குடிக்கணக்கை அடுத்தே செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயின்முன் வந்து நின்றதை மாணவர் நினைவுகூர்வர். ஐவரும் இரக்கத்தை வேண்டவில்லை. பதிவைத் திருத்தவே கேட்டனர். அவர்கள் கேட்டது நியாயமென ஏற்கப்பட்டதால் சட்டமே மாறிற்று. இப்பகுதியை நாம் மறையுரைக்கு எடுத்துக்கொள்வது அரிது என்பதும் ஒரு செய்திதான்.

ஆய்வுக்கென முகாம் செல்லும் மாணவர் துன்பக் கதைகளைத் திரட்டி வருகின்றனர். அப்பெண்டிர் அக்கதைகளைப் பலருக்குச் சொல்லிச் சலித்தவர்கள். குடும்ப அட்டை யார் கையில் உள்ளது, பணக்கொடையை யார் பெறுகிறார், குழுக் கணக்கை எழுதுபவர் யார், மகளின் பிறப்புச் சான்றில் எந்த ஊர் எழுதப்பட்டுள்ளது என வினவுதல் பயனுடைத்து. விடைகளை அப்பெண்களே ஏட்டில் எழுதிவைத்தல் இன்னும் பயனுடைத்து.

குருமார்க்குரிய பணி வேறொன்று உண்டு. 1983 ஜூலை முதல் 1987 ஜூன் முடியப் பிறந்த முகாம் குழந்தைகளுள் கிறிஸ்தவக் குடும்பத்தவர் பலர் அருகிலிருந்த சபைகளில் ஞானஸ்நானம் பெற்றிருப்பர். சபையின் ஞானஸ்நானப் பதிவேடு பிறந்த நாளையும் பெற்றோர் பெயர்களையும் இருப்பிடத்தையும் தாங்கி நிற்பது. பிறப்பைக் காலந்தாழ்த்திப் பதிவுசெய்யக் கோரும்பொழுது சான்றாக முன்வைக்கத்தக்க பழைய ஏடு அது. அந்நான்காண்டுப் பக்கங்கள் பல குருமனைகளின் மர அலமாரிகளில் கறையான் வாய்ப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றை இம்மழைக்காலத்திற்குள் எடுத்துப் படியெடுத்து, ‘முகாம்’ என இருப்பிடம் குறிக்கப்பட்ட பெண்மக்களின் பெயர்களைத் தனியே குறித்துவைக்குமாறு சேகரக் குருமாரை வேண்டுகிறோம்.