இரண்டு தோட்டங்கள்: பிரேமதாசவின் வீடமைப்பை மதிப்பிடல்

1. அளவுகோல்

இலங்கையின் பிரதமராகவும் பின்னர் ஜனாதிபதியாகவும் இருந்த ரணசிங்க பிரேமதாசவின் பெயரோடு 1 இலட்சம், 10 இலட்சம், 15 இலட்சம் என்று மூன்று எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றும் அவர் முன்நின்று நடத்திய வீடமைப்புத் திட்டங்களின் பெயர்கள். இலக்கையே சாதனையாகச் சொல்வது ஆதரவாளர் வழக்கம். எண்ணைக் கேலி செய்துவிட்டு நகர்வது எதிராளி வழக்கம். இரண்டும் நமக்கு உதவா. அரசு எதைத் தன் கடமையாக ஏற்றது, அந்தக் கடமையின் வேலிக்கு வெளியே யார் நின்றார்கள் என்பதே இங்கு கேள்வி.

2. கட்டுவதா, கட்ட உதவுவதா

1973இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு விதித்தது. குடியிருந்தோர் பலர் உரிமையாளரானார்கள். அது இருந்த வீட்டைப் பங்கிட்ட சட்டம். 1978இல் தொடங்கிய 1 இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசே கொத்தனாராக இறங்கியது. அப்படிக் கட்டிய வீடுகளுக்குப் பணம் தண்ணீராய்ச் செலவானது.

1984இன் 10 இலட்சம் வீட்டுத் திட்டம் அந்தப் பாடத்திலிருந்து பிறந்தது. அரசு சிறுகடனும் ஆலோசனையும் தரும். வீட்டின் அளவையும் பொருளையும் குடும்பமே முடிவுசெய்யும். கிராமங்களில் சிக்கன, கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் கடனைக் கையாண்டன. கொழும்புச் சேரிகளில் குடியிருப்போரே அதிகாரிகளோடு உட்கார்ந்து, சந்து எவ்வளவு அகலம், யாருடைய எல்லை எதுவரை என்று பேசித் தீர்த்தார்கள். சட்டப்படி செல்லாத குடிசை என்று இடிக்க வந்த அரசு, அதே குடிசையின் தளத்திலிருந்து தொடங்கியது. கடனை ஏழையின் தலையில் கட்டிவிட்டு அரசு கை கழுவியது என்ற குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் பிரேமதாசவின் மெய்யான பெருமை இந்த மாற்றத்தில்தான் என்பது என் கணிப்பு. ஊர்தோறும் நடந்த கம் உதாவ (கிராம எழுச்சி) விழாக்களில் அல்ல. பிரதமராக 1980இல் அவர் ஐ.நா. பொதுச் சபையில் முன்வைத்த யோசனையே, 1987 வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவிக்கப்படக் காரணமானது.

3. வேலிக்கு வெளியே

கொழும்புத் தமிழில் சேரியைத் தோட்டம் என்பார்கள். மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலை. பிரேமதாச கொழும்பு வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவர். முதல் தோட்டத்தின் நெரிசலை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது தோட்டத்தில், வெள்ளையர் காலத்து லயன் காம்பராவில், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒட்டுத் திண்ணையுமே இருந்தன.

தன் நிலத்தில் தானே கட்டுவதுதான் திட்டத்தின் உயிர். லயனில் இருப்பவருக்கு நிலம் ஏது? வேலை போனால் கூரையும் போகும். 1948 குடியுரிமைச் சட்டம் இத்தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது; அதைத் தொடர்ந்து வாக்கும் பறிபோனது. வாக்கற்றவரின் வீடு எந்த அமைச்சருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையான பின் வீட்டுக்காரர் அரசுதான். வெள்ளைக்காரத் துரைமீது பழி போடும் வசதி அத்தோடு தீர்ந்தது. பிரேமதாச ஜனாதிபதியாக இருந்த 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. லயனில் இருந்தவருக்குக் காணி உறுதி கிடைக்கவில்லை.

எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் 1988 சட்டம் அவர் பிரதமராக இருந்தபோதே வந்தது என்பதையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும்.

4. எரிந்த வீடுகள்

1983 ஜூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டன. அப்போது ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன; பிரதமர் பிரேமதாச. நிற்கும் வீட்டைக் காப்பதும் வீடமைப்பில் அரசின் கடமைதான், ஆனால் அதற்குத் திட்டப் பெயரோ திறப்பு விழாவோ கிடையாது. இக்கணக்கில் முதற்பொறுப்பு ஜெயவர்த்தனவுடையது. பிரேமதாசவும் தப்ப முடியாது.

5. முடிபு

வீடமைப்புக் கொள்கையில் இலங்கை கண்ட மிகத் துணிந்த தலைவர் பிரேமதாச. கொழும்புத் தோட்டத்துக்கு அந்த மதிப்பீடு பொருந்தும். தேயிலைத் தோட்டத்தைப் பொறுத்தவரை, 1948 முதல் ஆண்டவர்களின் வரிசையில் அவரும் ஒருவர், அவ்வளவே.