மானத்தின் இரு அளவுகோல்கள்: ஜப்பானியப் படையும் போர்க்கைதிகளும்

ஜப்பானியப் படையிடம் சிக்கிய போர்க்கைதிகளின் வரலாறு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காலங்களைக் கொண்டது. 1904-05 போரில் பிடிபட்டு ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்ட ரஷ்யர்கள் ஏறத்தாழ 72,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல நிலையில் நாடு திரும்பினர். 1941-45 போரில் பிடிபட்ட அமெரிக்க, பிரிட்டிஷ் காமன்வெல்த் வீரர்களுக்கு நேர்ந்தது வேறு. டோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயத்தின் கணக்குப்படி 1,32,134 பேரில் 35,756 பேர் கைதிகளாகவே மாண்டனர்; நூற்றுக்கு 27 பேர். ஜெர்மனியிடமும் இத்தாலியிடமும் சிக்கிய அதே நாட்டவரில் இறந்தவர்கள் நூற்றுக்கு 4 பேர் மட்டுமே. (ஜெர்மனியிடம் அகப்பட்ட சோவியத் கைதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டது இந்த ஒப்பீட்டில் சேராது.) கைதிகளைப் பேணிய காலத்திலும் வதைத்த காலத்திலும் நாட்டின் மானமே முன்வைக்கப்பட்டது. அந்த மானத்தை யார் கண்ணால் அளந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானை ஆண்ட மெய்ஜி அரசு மேலை வல்லரசுகளுடன் சமனற்ற ஒப்பந்தங்களில் கட்டுண்டிருந்தது. அவற்றிலிருந்து விடுபட, ஜப்பான் நாகரிக நாடு என்பதை ஐரோப்பா ஏற்க வேண்டியிருந்தது. 1886இல் ஜப்பான் ஜெனீவா உடன்படிக்கையில் இணைந்ததும், மறு ஆண்டே அங்கிருந்த தொண்டு அமைப்பு செஞ்சிலுவைச் சங்கமாகப் பெயர் மாறியதும் இந்தப் பின்னணியில்தான். ஆயினும் சீனாவுடனான போரின்போது 1894 நவம்பரில் ஆர்தர் துறைமுகத்தைக் கைப்பற்றிய படை, சரணடைந்த சீன வீரர்களையும் நகர மக்களையும் கொன்று குவித்தது. நியூயார்க் வேர்ல்டு நாளிதழின் செய்தியாளர் ஜேம்ஸ் கிரீல்மன் அதை வெளியிட்டார். அமெரிக்காவுடன் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, செனட்டின் ஒப்புதலுக்குக் காத்திருந்த நேரம் அது. டோக்கியோ பதறிப்போய் விளக்கங்களை அனுப்பியது.

பத்தாண்டுகளுக்குப் பின் ரஷ்யாவுடன் போர் மூண்டபோது, அந்தத் தலைக்குனிவு மறுபடி நேராமல் அரசு பார்த்துக்கொண்டது. 1899 ஹேக் உடன்படிக்கை கேட்டபடி கைதிகள் தகவல் அலுவலகம் திறக்கப்பட்டது. ஷிகோகு தீவின் மட்சுயாமாவில் முதல் முகாம் அமைந்தது. அங்கிருந்த ரஷ்ய அதிகாரிகள் கடைத்தெருவில் நடமாடினர். டோகோ வெந்நீர் ஊற்றுகளில் நீராடினர். நோயிலும் காயத்திலும் இறந்தவர்களுக்கு எழுப்பிய 98 கல்லறைகளை அந்த ஊரார் இன்றும் பராமரிக்கிறார்கள். இதில் கருணைக்கும் பங்குண்டு, கணக்குக்கும் பங்குண்டு; இரண்டையும் பிரித்தெடுப்பது கடினம்.

முதல் உலகப்போரில், சீனாவில் ஜெர்மனி வசமிருந்த சிங்தாவ் வீழ்ந்தபின் வந்த சுமார் 4,700 ஜெர்மானிய, ஆஸ்திரிய-ஹங்கேரியக் கைதிகளின் காலத்திலும் இப்போக்கு தொடர்ந்தது. தோகுஷிமா பகுதியின் பந்தோ முகாமுக்குத் தலைவராக இருந்த மட்சுயே தோயோஹிசா, மெய்ஜி அரசை எதிர்த்த உள்நாட்டுப் போரில் தோற்ற அய்சு குலத்தைச் சேர்ந்தவர். அங்கே கைதிகள் அச்சகம் நடத்தினர், ரொட்டி சுட்டனர். 1918 ஜூன் 1 அன்று பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை முழுமையாக இசைத்தனர். ஆனால் எல்லா முகாமும் பந்தோ அல்ல. குருமே முகாமில் தலைவரே ஜெர்மானிய அதிகாரிகளை அடித்ததாகப் புகார் எழுந்தது.

பகைவரைப் பேணிய இதே காலத்தில், பகைவரிடம் பிடிபட்ட தன் வீரர்களை ஜப்பான் ஐயத்தோடுதான் பார்த்தது. ரஷ்யாவிலிருந்து மீண்ட ஏறத்தாழ 2,000 பேரில் அதிகாரிகள் விசாரணைக்கு உட்பட்டனர். இந்த ஐயம் 1930களில், பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்னும் வழிபாடாக மாறியது. 1932இல் ஷாங்காய்ச் சண்டையில் நினைவிழந்து சீனரிடம் பிடிபட்ட மேஜர் குகா நொபோரு, விடுதலையானதும் தாம் விழுந்த இடத்துக்கே சென்று தற்கொலை செய்துகொண்டார். பத்திரிகைகள் அவரைப் போற்றின, திரைப்படங்கள் வந்தன.

சட்டமும் இதே திசையில் நகர்ந்தது. போர்க்கைதிகள் பற்றிய 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டது, ஆனால் உறுதிப்படுத்தவில்லை. 1934இல் படைத்துறையினர் கூறிய காரணங்கள் கவனத்துக்குரியவை. ஜப்பானிய வீரன் பிடிபடவே மாட்டான் என்பதால் சுமை முழுவதும் ஜப்பான் மீதே விழும் என்றனர். பிடிபட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால் எதிரி விமானிகள் திரும்பும் கவலையின்றித் தொலைதூரத்திலிருந்து குண்டுவீச வருவார்கள் என்பது மற்றொரு வாதம். 1937இல் சீனாவுடன் தொடங்கிய போருக்குப் போர் என்ற பெயரே மறுக்கப்பட்டது; பிடிபட்டவர்களைப் போர்க்கைதிகள் என்று குறிப்பிடுவதையும் தவிர்க்கும்படி படைக்கு அறிவுறுத்தல் போனது. நான்கு மாதத்தில் நான்ஜிங்கில் சரணடைந்தவர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டனர். 1941 ஜனவரியில் போர் அமைச்சர் தோஜோ ஹிதெகி வெளியிட்ட செஞ்ஜின்குன் என்னும் களநெறி நூல், உயிரோடு பிடிபடுவதை இழிவென விதித்தது. 1894, 1904, 1914 போர்ப் பிரகடனங்களில் இருந்த சர்வதேசச் சட்டம் பற்றிய வாசகம் 1941 டிசம்பர் பிரகடனத்தில் இல்லை.

இவையனைத்துக்கும் சாமுராய் மரபையே காரணமாக்கும் பழைய விளக்கம் நிற்காது. 1904இன் தளபதிகள் பலர் அந்த மரபில் பிறந்தவர்கள். அவர்கள் காலத்தில்தான் கைதிகள் நன்றாக நடத்தப்பட்டனர். பிறர் மதிப்பைப் பெற வேண்டிய தேவை மறைந்து, மானத்துக்குப் படையே நடுவரானதுதான் மாற்றம். கீழ்நிலை வீரனை அடித்துப் பழக்கிய படையில், அடி இறங்கிக்கொண்டே போய்க் கடைசிப் படியில் நின்ற கைதி மேல் விழுந்தது. காவலுக்கு அமர்த்தப்பட்ட கொரியரும் தைவானியரும் அதற்கு முந்திய படியில் இருந்தனர்.

சயாம்-பர்மா ரயில்பாதையில் இது முழு உருவம் பெற்றது. 415 கிலோமீட்டர் நீளப் பாதையை 1942-43இல் சுமார் ஓராண்டில் முடிக்கக் கட்டளை. காலரா, மலேரியா, அரைவயிற்றுச் சோறு, அடி ஆகியவற்றால் 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்கள் இவர்களைப் போலப் பல மடங்கு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். மலேசியத் தமிழர் இதைச் சயாம் மரண ரயில் என்பர். கைதிகளிடையே இராணுவ மருத்துவர்களும் படைக் கட்டுப்பாடும் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்கு அவை எதுவும் இல்லை. ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு.

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தபோது, பேரரசர் ஆணைக்குப் பின் எதிரியின் கட்டுக்குள் வருவோர் போர்க்கைதிகள் ஆகமாட்டார்கள் என்று தலைமையகம் அறிவித்தது. வீரர்களின் மானத்தைக் காக்க வந்த இந்த ஏற்பாடு பிரிட்டனுக்கும் வசதியாகிப்போனது. தென்கிழக்காசியாவில் சரணடைந்தவர்களைக் கைதிகளுக்குரிய உரிமைகளின்றி 1947 வரை வேலை வாங்கினார்கள். சோவியத் ஒன்றியமோ சுமார் 6 லட்சம் பேரைச் சைபீரிய முகாம்களுக்குக் கொண்டுபோனது. ஏறத்தாழ 60,000 பேர் திரும்பவில்லை.

நேசநாடுகளின் நீதிமன்றங்களில் சுமார் 5,700 பேர் விசாரிக்கப்பட்டு, 900க்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர் அல்லது சுடப்பட்டனர். கொரியரில் 148 பேர் தண்டனை பெற்றனர்; அவர்களில் பெரும்பாலோர் முகாம்களில் அடித்த கையாக இருந்த காவலர்கள். 148 பேரில் 23 பேருக்கு மரணதண்டனை. 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவு, முன்னாள் போர்க்கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக நிதி ஒதுக்கியது. 1953இல் ஜப்பான் புதிய ஜெனீவா உடன்படிக்கைகளில் இணைந்தது. 2009இல் அமெரிக்காவுக்கான ஜப்பானியத் தூதர் பிலிப்பைன்ஸில் பிடிபட்ட கைதிகள் நடத்திச் செல்லப்பட்ட பத்தான் மரண நடையில் தப்பியவர்களிடம் நேரில் மன்னிப்புக் கோரினார். 2015இல் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம் தன் சுரங்கங்களில் உழைத்த அமெரிக்கக் கைதிகளிடம் மன்னிப்புக் கேட்டது.

போர்க்கைதி என்ற தகுதி இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் 16ஆம் பிரிவுக்குள் வரவில்லை. 1967இல் மலேசியாவுடன் செய்த உடன்பாட்டில் ஜப்பான் இரண்டரைக் கோடி மலேசிய வெள்ளி மதிப்புள்ள பொருளும் சேவையும் அளித்துக் கணக்கை முடித்தது. அது சரக்குக் கப்பல்களாக அரசின் கைக்குப் போயிற்று. சயாமுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்குத் தனியே எதுவும் பிரிக்கப்படவில்லை.