614 ரூபாய் நிலத்தில் ஒரு கோல்ஃப் ஆட்டம்

“வரலாறு படிச்சவன் நீ, மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு” என்று சங்கச் செயலாளர் கேட்டபோது சோழர்களைப் பற்றித்தான் எதிர்பார்த்திருப்பார். சிதம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எழுதப்போவதோ கோல்ஃப் பற்றி. சிரிக்காதீர்கள் நண்பர்களே! படிக்கிற நாளில் நமக்குக் கபடி தெரியும், கிரிக்கெட் தெரியும். கோல்ஃப் என்றால் சினிமாவில் கதாநாயகியின் பணக்கார அப்பா ஆடுவது, அவ்வளவுதான்.

1998ல் நம் வகுப்புத் தோழன் ஒருவன் (பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவான்) என்னை விருந்தாளியாகக் கிண்டிக்கு அழைத்துப் போனான். 1884ல் தோன்றிய சென்னை ஜிம்கானா கிளப்பின் மைதானம் அது. குதிரைகள் ஓடும் பந்தயத் தடத்துக்கு உள்ளேயே புல்வெளியும் மணல் பள்ளமும் குழிகளும் இருந்தன. வெள்ளைக்காரன் கல்கத்தாவில் 1829லேயே கோல்ஃப் கிளப் வைத்துவிட்டான். பிரிட்டனுக்கு வெளியே அதுதான் மிகப் பழையது.

பையைத் தூக்கி வந்தவரைக் ‘கேடி’ என்றார்கள். நம்ம ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் பட்டியல்தான் ஞாபகம் வரும்! ஆனால் அங்கே விஷயம் தெரிந்த ஆள் அவர்தான். “சார், காத்து எதிர்ல வருது, பெரிய மட்டை எடுங்க” என்பார். கிரீனில் உட்கார்ந்து பார்த்து, “ரெண்டு விரக்கடை இடது பக்கமா தட்டுங்க” என்பார். நாலேகால் அங்குலக் குழிக்குள் பந்து போய் விழும். அந்தப் புல்லின் சாய்வு முழுக்க அவர் மனசில் இருந்தது. இப்படிப்பட்டவர்களின் வீட்டிலிருந்தும் வீரர்கள் வந்திருக்கிறார்கள். ராயல் கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2008ல் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார்.

பதினெட்டுக் குழி முடிய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எனக்கு ஆட்டத்தைவிட அந்த இடம்தான் வியப்பு. சுற்றிலும் சென்னை நெரிசல், நடுவில் இப்படி ஒரு வெளி! யாருடையது என்று பிறகு தேடிப் படித்தேன். நிலம் அரசுடையது. 1945ல் சென்னை ரேஸ் கிளப்புக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 160 ஏக்கர் 86 சென்ட். ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. மாதத்துக்கு அல்ல ஐயா, வருடத்துக்கு! 1970ல் வாடகையை உயர்த்த அரசு எழுந்தபோது ஆரம்பித்த தகராறு கோர்ட்டில் பல பத்தாண்டுகள் இழுத்தது. 2023ல் வாடகை பாக்கி 730 கோடி ரூபாயைக் கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம்.

இதைப் படித்தபோது என் ஊர் வடலூர்தான் மனசில் வந்தது. அங்கேயும் ஒரு பெருவெளி. வள்ளலாருக்குப் பார்வதிபுரம் மக்கள் விட்டுக்கொடுத்த எண்பது காணி நிலம், அதாவது நூற்றுச் சொச்சம் ஏக்கர். 1872 தைப்பூசத்தன்று சத்திய ஞான சபை அங்கே தொடங்கியது. இந்த நிலத்துக்கு வாடகையும் இல்லை, வாயிற்காவலனும் இல்லை. தைப்பூசத்துக்கு வருகிற அத்தனை லட்சம் பேரும் நிற்பது அந்த மண்ணில்தான். நாங்கள் சின்ன வயசில் கில்லி ஆடியதும் அங்கேதான்.

2024 செப்டம்பர் 6ஆம் தேதி குத்தகையை ரத்துசெய்து கிண்டி நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. மழைநீருக்குக் குளங்கள், பொதுமக்களுக்குப் பசுமைப் பூங்கா என்று அறிவிப்பு வந்தது. எனக்குச் சம்மதம்தான். ஆனால் பை தூக்கியே குடும்பம் நடத்தியவர்கள் என்ன ஆவார்கள் என்ற கவலையும் உண்டு.

அதே 2024ல் வடலூர்ப் பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு குழி தோண்டியபோது, பார்வதிபுரத்து ஜனங்கள் வந்து மறித்தார்கள். எங்க முன்னோர் கொடுத்த வெளி வெளியாகவே இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். அந்த வழக்கும் உயர் நீதிமன்றம் வரை போனது.