ப்ளூ ஜாகர்

அப்பாவின் பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பணம் புரட்ட வேண்டியிருந்தபோது, அம்மா பீரோவிலிருந்து பாட்டியின் ஒற்றைக்கல் வைரத்தோடுகளை எடுத்தார். "ப்ளூ ஜாகர்டா. சாதாரணக் கல் இல்ல. வெயில்ல காட்டினா நீலம் தட்டும்." சின்ன வயசிலிருந்து கேட்ட வசனம்தான்.

கற்களைக் கழற்றி லேபுக்கு அனுப்பினோம். நிறம் 'எஃப்' என்று வந்தது, நல்ல தரம். அதற்குக் கீழே ஒரு வரி: ஃப்ளோரசன்ஸ், ஸ்ட்ராங் ப்ளூ.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இந்த நீலத்துக்குத்தான் விலை குறையுது" என்றார் கடைக்காரர்.

எந்தக் குணத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்களோ, அதே குணத்துக்காக இப்போது கழிவு. கல் மாறவில்லை. அப்படியென்றால் மாறியது எது?

ஜாகர் என்பது யாரோ ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் பெயர் என்றே நினைத்திருந்தேன். அது ஒரு சுரங்கம். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைனில் 1870-இல் வைரம் கண்டெடுக்கப்பட்டது. 1893-இல் அங்கே கிடைத்த எக்ஸெல்சியர், 1905-இல் கல்லினன் வரும்வரை உலகின் மிகப் பெரிய வைரமாக அறியப்பட்டது. அந்தச் சுரங்கத்தின் நிறமற்ற கற்களில் சில வெயிலில் நீலச்சாயல் காட்டின. சந்தை அதை உச்சத் தரம் என்றது. ஊர்ப்பெயரே தரத்தின் பெயராகி நம் வீட்டுப் பீரோ வரைக்கும் வந்துவிட்டது.

நீலத்துக்குக் காரணம் பெரும்பாலும் நைட்ரஜன். கார்பன் அணுக்களுக்கு நடுவே ஒரு காலியிடத்தைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் அமைந்தால், அது புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக விடும். வெயிலில் புற ஊதா உண்டு. பாட்டியின் சோதனை சரியான சோதனைதான்.

கெட்டது 'நீல வெள்ளை' என்ற சொல். மஞ்சள் தட்டிய கல்லையும் அப்படிச் சொல்லி விற்றார்கள். 1938-இல் அமெரிக்க வணிக ஆணையம் அச்சொல்லுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1950-களில் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் புதிய நிற அளவுகோலைக் கொண்டுவந்தபோது 'டி'யில் ஆரம்பித்தது. ஏ, பி, சி மூன்றையும் வியாபாரிகள் இஷ்டத்துக்குப் பயன்படுத்தித் தேய்த்திருந்தார்கள். புதிய கணக்கில் நிறமின்மைக்குத்தான் மதிப்பெண். நீலம் அறிக்கையில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

மிகச் சில கற்களில் ஃப்ளோரசன்ஸ் பால் படிந்தாற்போல மங்கல் காட்டுவதுண்டு. ஆனால் 1997-இல் அதே நிறுவனம் நடத்திய ஆய்வில், சாதாரணப் பார்வையாளர்களால் ஃப்ளோரசன்ஸின் பாதிப்பைச் சீராக அடையாளம் காண முடியவில்லை. வல்லுநர்களில் பலருக்கோ, வலுவான நீலம் உள்ள கல் மேலிருந்து பார்க்கையில் நிறத்தில் சற்று மேலாகவே தெரிந்தது.

பிறகு ஏன் கழிவு? கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார்: "எங்க கல்லு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு நான் விக்கப்போனா, இந்த வரியைக் காட்டிக் குறைச்சுக் கேப்பாங்களே."

எடை, பட்டை, நிறம், தெளிவு என்று நான்கையும் அளக்கலாம். ஆனால் அளந்ததை விலையாக்குவது, அடுத்தவன் என்ன கேட்பான் என்ற கணிப்பு. கோடு எழுதுகிறவனுக்கு இது எரிச்சலான உண்மை. இன்புட் மாறவில்லை, ஃபங்ஷனை யாரோ மாற்றிவிட்டார்கள்.

கழிவு போக வந்த தொகை ஆஸ்பத்திரி பில்லில் முக்கால்வாசிக்குச் சரியாக இருந்தது. விற்றோம். கொடுப்பதற்கு முன் அம்மா கடை வாசலுக்குப் போய் ஒரு கல்லை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

நீலம் தட்டியது.