கிரெடிட் கார்டு சட்டத்துக்குள் நுழைந்த துப்பாக்கி

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியோடு நடக்க வழி செய்த சட்டம் எங்கே இருக்கிறது தெரியுமா? வன விலங்குச் சட்டத்தில் இல்லை. ஆயுதச் சட்டத்திலும் இல்லை. கிரெடிட் கார்டு கம்பெனிகள் இஷ்டத்துக்கு வட்டியை ஏற்றக் கூடாது என்று 2009-இல் வந்த சட்டத்தின் 512-ஆம் பிரிவில் இருக்கிறது!

இந்தக் கதை மனிதர்களைப் பற்றியதாக ஆரம்பிக்கவில்லை. எருமைகளைப் பற்றியதாக ஆரம்பித்தது.

1872-இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா உருவானது. 1883-இல் அங்கே வேட்டைக்குத் தடை வந்தது. 1886-இல் ராணுவமே காவலுக்கு வந்தது. உள்ளே வரும் பயணிகளின் துப்பாக்கிகளைச் சுட முடியாதபடி சிப்பாய்கள் சீல் வைத்து அனுப்பினார்கள். ஆனால் தடையை மீறினால் தண்டனை என்ன? பூங்காவை விட்டு வெளியேற்றுவது, அவ்வளவுதான்! 1894 மார்ச்சில் எட்கர் ஹோவெல் என்ற வேட்டைக்காரன், சுட்டு வீழ்த்திய காட்டெருமைகளின் தோலை உரித்துக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டான். அவனைச் சிறையில் தள்ளச் சட்டத்தில் இடமில்லை. தற்செயலாக அந்த நேரத்தில் ஒரு பத்திரிகையாளர் பூங்காவில் இருந்தார். செய்தி நாடு முழுக்கப் பரவியது. இரண்டே மாதத்தில், மே 7 அன்று, லேசி சட்டம் நிறைவேறியது: 1,000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. கோடிக்கணக்கில் திரிந்த விலங்கு அது. 1902-இல் யெல்லோஸ்டோனில் இரண்டு டஜன் கூட மிஞ்சவில்லை என்பதை நினைத்தால், சிப்பாய்கள் வைத்த அந்த சீலின் அருமை புரியும்.

ஆக, துப்பாக்கி விதியின் நோக்கம் ஒன்றுதான், திருட்டு வேட்டையைத் தடுப்பது. 1936-இல் எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவான விதி வந்தது. 1983-இல், ரீகன் ஆட்சியில், அது திருத்தி எழுதப்பட்டது. துப்பாக்கியைக் கொண்டு வரலாம், ஆனால் குண்டு இருக்கக் கூடாது, உடனே எடுக்க முடியாதபடி கட்டி வைத்திருக்க வேண்டும். ரீகன் துப்பாக்கிக்கு எதிரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று யாருக்கும் இது அரசியல் பிரச்சினையாகவே தோன்றவில்லை.

அதற்குள் வெளியே நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1980-களுக்குப் பிறகு மாநிலம் மாநிலமாக, மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுப்பது எளிதானது. பூங்காவை ஒட்டிய தேசியக் காடுகளில் ஏற்கெனவே மாநிலச் சட்டம்தான். காட்டுப் பாதையில் ஒரு கோட்டைத் தாண்டினால் குற்றம், இந்தப் பக்கம் நின்றால் உரிமை! லைசென்ஸ்காரர்களின் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை.

செனட்டர்கள் பலர் கடிதம் எழுதினார்கள். புஷ் அரசு 2008 டிசம்பரில் விதியை மாற்றியது. மாநிலச் சட்டம் அனுமதித்தால், லைசென்ஸ் உள்ளவர் குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பூங்காவுக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். பூங்காத் துறையின் முன்னாள் இயக்குநர்களே எதிர்த்தார்கள். வழக்கு வந்தது. சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயவே இல்லை என்று சொல்லி 2009 மார்ச்சில் நீதிபதி கொலீன் கொல்லர்-கோட்டெலி அந்த விதிக்கு இடைக்காலத் தடை போட்டார்.

அப்போதுதான் ஓக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் வழி கண்டுபிடித்தார். ஒபாமா அவசரமாகக் கேட்டுக்கொண்டிருந்த கிரெடிட் கார்டு மசோதாவில் ஒரு திருத்தத்தைச் செருகினார். மே 12 அன்று செனட்டில் 67-க்கு 29 என்று அது நிறைவேறியது. கீழ்ச்சபையில் துப்பாக்கிப் பகுதிக்கு மட்டும் தனி ஓட்டு, 279-க்கு 147. மே 22 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். கார்டு சீர்திருத்தம் வேண்டுமென்றால் துப்பாக்கியையும் சேர்த்து விழுங்க வேண்டியதுதான்!

வேடிக்கை என்னவென்றால், நீதிமன்றம் நிறுத்திய விதி சின்னது. லைசென்ஸ் உள்ளவர், மறைத்து வைத்த கைத்துப்பாக்கி, இவ்வளவுதான் அதில் இருந்தது. காங்கிரஸ் கொடுத்ததோ பெரியது. மாநிலச் சட்டம் சம்மதித்தால் ரைஃபிளைக் கூட வெளிப்படையாகத் தோளில் மாட்டிப் போகலாம். 2010 பிப்ரவரி 22 முதல் அமல். பூங்காவுக்குள் இருக்கும் அரசுக் கட்டிடங்களில் தடை தொடர்ந்தது, கண்டபடி சுடுவதற்கும் தடை தொடர்ந்தது. யெல்லோஸ்டோன் மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கிறது. எந்த மரத்தடியில் எந்த மாநிலச் சட்டம் என்று கண்டுபிடிப்பது பயணியின் பொறுப்பு!

அமலுக்கு வந்த சில மாதங்களிலேயே, 2010 மே மாதம், அலாஸ்காவின் டெனாலி பூங்காவில் மலையேறிகள் இருவரை நோக்கி ஒரு கிரிஸ்லி கரடி பாய்ந்தது. அவர்களில் ஒருவர் கைத்துப்பாக்கியால் அதைச் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி வைத்திருந்தது குற்றமில்லை, சுட்டதுதான் விதிக்கு விரோதம். இந்தச் சட்டத்தின் முரண்பாட்டை இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது.

2022-இல் உச்ச நீதிமன்றம் புரூயென் வழக்கில், துப்பாக்கிக் கட்டுப்பாடுகளைப் பழைய வரலாற்றோடு ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்றது. உடனே வழக்கறிஞர்கள் 19-ஆம் நூற்றாண்டுப் பூங்கா விதிகளைத் தூசி தட்டினார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1858-லேயே துப்பாக்கிக்குத் தடை இருந்தது. பிலடெல்பியாவின் ஃபேர்மவுன்ட் பூங்காவில் 1868-இல். இவற்றைப் பார்த்த மேல்முறையீட்டு நீதிமன்றம், நியூயார்க் மாநிலம் நகரப் பூங்காக்களில் விதித்த தடை செல்லும் என்று 2023 டிசம்பரில் சொன்னது. ஆனால் கிராமப்புற, காட்டுப் பூங்காக்களுக்கு அப்படி ஒரு மரபு இருந்ததா என்பது சந்தேகமே என்றும் அதே தீர்ப்பில் எழுதியது. யெல்லோஸ்டோன் வாசலில் சிப்பாய்கள் சீல் வைத்த துப்பாக்கிகளும் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவைதான்.